பொத்தியார் கேட்ட இடம்

கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையைக் கேட்காமல் தமிழ்நாட்டில் ஒருவர் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்திருக்க முடியாது. உறையூரில் ஒரு சோழ ராஜா. பாண்டிய நாட்டில், பிசிர் என்ற ஊரில் ஒரு புலவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது, ஆனாலும் உயிர் நண்பர்கள். ராஜா பட்டினி கிடந்து உயிரை விடுவது என்று முடிவு செய்து உட்கார்கிறான். பிசிரிலிருந்து என் நண்பன் வருவான், அவனுக்கும் பக்கத்தில் இடம் ஒதுக்கி வையுங்கள் என்கிறான். சொன்னபடியே புலவர் வந்து சேர்ந்து, அவரும் அங்கேயே உட்கார்ந்து உயிரை விடுகிறார். காணாமலே நட்பு! 5 மார்க் கேள்விக்கு இவ்வளவு போதும். கல்லூரியில் பகுதி-1 தமிழில் மறுபடியும் இது வரும் (பி.காம். படித்தாலும் தப்பிக்க முடியாது), மறுபடியும் அதே விடை.

பிசிராந்தையாருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் நன்றாகவே கிடைத்துவிட்டது. நட்புக்குப் பழக்கம் வேண்டியதில்லை, உணர்ச்சி ஒத்திருந்தால் போதும் என்று சொல்லும் 785ஆவது குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் இந்த இரண்டு பேரைத்தான் உதாரணம் காட்டுகிறார். பாரதிதாசன் எழுதிய 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு, அவர் மறைந்து 5 வருடம் கழித்து, 1969ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வணிகவியல் மாணவர்களுக்கு இன்னொரு வழியிலும் இவரைத் தெரிந்திருக்கும். யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சின்ன வயலின் விளைச்சல் கூடப் பல நாளுக்கு வரும், யானையே வயலில் இறங்கினால் வாயில் போவதை விடக் காலில் மிதிபட்டு அழிவதுதான் அதிகம், வரி வசூலிப்பதும் அப்படித்தான் என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புத்தி சொன்னவர் இவர்தான். 2019 ஜூலையில் மத்திய பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் எடுத்துச் சொன்னது இந்தப் பாட்டைத்தான்.

இந்தக் கதையில் மூன்றாவதாக ஒருவர் உண்டு. பாடப்புத்தகம் அவரை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அவர் பெயர் பொத்தியார். பிசிராந்தையார் ராஜாவின் பார்க்காத நண்பர் என்றால், பொத்தியார் பக்கத்திலேயே இருந்த நண்பர். தினமும் பார்த்தவர், பேசியவர், கூட உட்கார்ந்து சிரித்தவர். சாவதற்கு இடம் கேட்டபோது அவருக்கு மட்டும் இடம் இல்லை என்று சொல்லப்பட்டது.

இந்தக் கதை எங்கிருந்து கிடைக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1894ல் பதிப்பித்த புறநானூற்றில் 212 முதல் 223 வரை வரிசையாக 12 பாட்டுகள் கோப்பெருஞ்சோழனைச் சுற்றியே இருக்கின்றன. அதில் 3 பாட்டு சோழனே பாடியது. ஒன்று பிசிராந்தையார் பாடியது. புல்லாற்றூர் எயிற்றியனார், கண்ணகனார், கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார் ஆளுக்கு ஒன்று. மிச்சம் 5 பாட்டும் பொத்தியார் பாடியவை. புறநானூற்றில் பொத்தியார் பெயரில் இருப்பதே அந்த 5 பாட்டுதான், ஐந்துமே இந்த ஒரு சாவைப் பற்றியவை. பாட்டு யார், எந்தச் சமயத்தில், யாரைப் பற்றிப் பாடியது என்ற விவரம் பாட்டுக்குக் கீழே உள்ள சிறு குறிப்பில் இருக்கும். அந்தக் குறிப்புகள் பாட்டுகளைத் தொகுத்த காலத்தில் சேர்ந்தவை என்பது அறிஞர்கள் கருத்து. ஆகவே கதையில் பாதி பாட்டில் இருக்கிறது, பாதி குறிப்பில் இருக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

வரிசையின் முதல் பாட்டு (212) பிசிராந்தையாருடையது. உங்கள் ராஜா யார் என்று கேட்டால், பாண்டிய நாட்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ராஜா உறையூர்ச் சோழன் என்று சொல்கிற பாட்டு. (பாண்டியன் காதில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம்.) பாட்டின் கடைசியில் அந்தச் சோழன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்றும் சொல்கிறார். குறையில்லாத நட்புடைய பொத்தியோடு சேர்ந்து தினமும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பானாம்.

அதாவது, உறையூருக்கே வராத பிசிராந்தையாருக்குப் பொத்தியாரைத் தெரிந்திருக்கிறது. தன் நண்பனுக்கு இன்னொரு நண்பன் இருக்கிறான், தினமும் கூட இருக்கிற பாக்கியம் அவனுக்குத்தான் வாய்த்திருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அதில் துளிப் பொறாமையும் தெரியவில்லை. யாரோ வழிப்போக்கர் சொல்லித்தான் அந்தச் சிரிப்பு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும். பொத்தியாருக்கும் பிசிராந்தையாருக்கும் நடுவில் இருந்த உறவு அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே ஆளை நேசித்தார்கள். அந்த ஆள் இருக்கும் வரை ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்தச் சிரிப்பு எப்படி நின்றது? சோழனுக்கு இரண்டு மகன்கள். அப்பா மேலேயே படையெடுத்து வந்தார்கள். சோழனும் ஆத்திரத்தோடு படை திரட்டிக் கிளம்பினான். அப்போது புல்லாற்றூர் எயிற்றியனார் நடுவில் புகுந்து ஒரு கேள்வி கேட்டார் (213). வந்திருப்பவர்கள் உன் பழைய எதிரிகளான சேரனோ பாண்டியனோ இல்லை. உன் காலத்துக்குப் பிறகு இந்த நாடு அவர்களுக்குத்தானே? அவர்களைக் கொன்று ஜெயித்துவிட்டால் இந்தச் சொத்தை யாருக்கு விட்டுவிட்டுப் போவாய்? நீ தோற்றுவிட்டாலோ உன் எதிரிகளுக்குத்தானே கொண்டாட்டம்?

லாப நஷ்டக் கணக்கு மாதிரியே இருக்கிறது இல்லையா? எந்தப் பக்கம் கூட்டினாலும் நஷ்டம். சோழன் போரை விட்டான். அதோடு நாட்டையும், உயிரையும் விடுவது என்று வடக்கு நோக்கி உட்கார்ந்தான். மகன்கள் பிழைத்தார்கள்.

வடக்கிருத்தல் என்பது வடக்குத் திசை பார்த்து உட்கார்ந்து, உண்ணாமல் இருந்து உயிரை விடுவது. கோப்பெருஞ்சோழன் மட்டும் செய்த காரியம் இல்லை இது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் மானம் தாங்காமல் வடக்கிருந்தான். அந்தச் செய்தி கேட்டதும் சான்றோர் பலர் அவனோடு போவதற்காகத் தாங்களும் உயிர் விட்டார்கள் என்று அகநானூறு 55ஆவது பாட்டில் மாமூலனார் சொல்கிறார். சமணத்திலும் சல்லேகனை என்ற பெயரில் இதே மாதிரி ஒரு நோன்பு உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்ட கல்வெட்டு இருக்கிறது. தமிழ் அரசர்கள் செய்ததும் சமணர்கள் செய்ததும் ஒன்றா வேறா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். தலைவன் உட்கார்ந்தால் நண்பர்களும் கூட உட்காரும் வழக்கம் இருந்தது. ஆகவே நண்பன் உட்கார்ந்த பிறகு உட்காராமல் இருப்பவனுக்கு ஒரு சங்கடம் இருந்தது.

சோழன் உட்கார்ந்த இடம் ஆற்றின் நடுவே ஒரு திட்டு. மரங்களின் நிழல் புள்ளி புள்ளியாக விழும் இடம் என்று பூதநாதனார் பாட்டிலிருந்து தெரிகிறது. அங்கே உட்கார்ந்துதான் சோழன் பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான். கூட இருந்த பெரியவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை வருஷமாகக் காதால் கேட்டதோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை, அவர் எங்கே வரப் போகிறார் என்றார்கள். சோழன் அசையவில்லை. நான் நன்றாக இருந்த காலத்தில் வராமல் இருந்திருக்கலாம், கஷ்ட காலத்தில் வராமல் இருக்க மாட்டான் என்றான். யாராவது பெயரைக் கேட்டால் தன் பெயர் சோழன் என்று என் பெயரைச் சொல்கிற ஆள் அவன் என்றான்.

பிசிராந்தையார் வந்தார். வந்தவரை அங்கிருந்த பெரியவர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். உங்களைப் பற்றி எவ்வளவோ வருஷமாகக் கேள்விப்படுகிறோம், ஒரு நரை கூட இல்லையே என்று கேட்டார்கள். அதற்கு அவர் சொன்ன பதில்தான் பாடப்புத்தகத்தில் வரும் 191ஆவது பாட்டு. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், தன் மனம் அறிந்து நடக்கும் ஏவலர்கள், அல்லாதது செய்யாத அரசன், அடங்கிய சான்றோர் பலர் வாழும் ஊர்.

இந்தப் பாட்டை நரைக்கு மருந்து மாதிரி வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அவர் எந்த இடத்தில் நின்று அதைச் சொன்னார் என்பதை யாரும் சொல்வதில்லை. சாகப் போகிற இடத்தில் நின்றுகொண்டு, ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்கிறார் மனிதர்! மனைவி, பிள்ளைகள், ஊர். ஆதன் தந்தை என்பதுதான் ஆந்தை என்று சுருங்கியது என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். அப்படியானால் அவர் பெயரே ஒரு பிள்ளையின் அப்பா என்பதுதான்.

அவர் வந்து நின்றதைப் பார்த்துப் பொத்தியார் பாடியது 217. இரண்டு நண்பர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தது அப்போதுதான். பொத்தியாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவ்வளவு சிறப்புள்ள ராஜா இப்படி முடிவெடுத்தது ஆச்சரியம். வேறு நாட்டுப் புலவர் நட்பையே பிடிமானமாக வைத்து இந்த நேரத்தில் வந்தது அதை விட ஆச்சரியம். வருவான் என்று சொன்ன ராஜாவும் சொல் தப்பாமல் வந்த புலவரும்... அது ஆச்சரியத்தையெல்லாம் தாண்டியது. ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. தன் ஆட்சியில் இல்லாத ஊர்க்காரனின் நெஞ்சைக் கூடப் பிடித்து வைத்திருந்தவனை இழந்துவிட்டு இந்த நாடு என்ன ஆகப் போகிறது, பாவம் என்று முடிக்கிறார். பார்க்க வந்த அதிசயத்தைப் பார்த்து முடித்ததும் அவர் கண் அங்கே போகிறது, மிஞ்சப் போகிறவர்கள் பக்கம்.

அதில் தானும் ஒருவராக இருக்கப் போவது அவருக்கு அப்போது தெரிந்திருந்ததா? அவரும் சோழனோடு உட்காரத்தான் நினைத்தார். சோழன் விடவில்லை. பொத்தியாரின் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். உனக்கு மகன் பிறந்த பிறகு வா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான்.

இதைச் சொன்னவன் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெற்ற மகன்களே வாளெடுத்துக்கொண்டு வந்ததால் சாக உட்கார்ந்திருப்பவன். மகன் என்ற சொல்லே அவனுக்குக் கசந்திருக்க வேண்டும். அவன்தான் நண்பனைப் பார்த்து, போ, போய் உன் மகன் பிறப்பதைப் பார்த்துவிட்டு வா என்கிறான். பிசிராந்தையாரின் பிள்ளைகள் வளர்ந்து ஆளானவர்கள், அவருக்கு இடம் உண்டு. பொத்தியாரின் பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே அவருக்கு இடம் இல்லை. சோழன் இப்படிக் கணக்குப் போட்டிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. கருணையும் இருக்கிறது. பொத்தியாருக்கு அது கருணையாகப் படவில்லை.

அவர் உறையூருக்குத் திரும்பினார். ஊருக்குள் நுழைந்ததும் அழுது பாடியது 220. அதில் ஒரு யானைப்பாகன் வருகிறான். ஒரு பெரிய யானைக்குப் பல வருஷமாகத் தினமும் சோறு போட்டு வளர்த்தவன். யானை செத்துப்போகிறது. மறுநாள் அவன் கொட்டிலுக்குப் போகிறான். கட்டுத்தறி நிற்கிறது, யானை இல்லை. அவன் அழுகிறான். அந்த மாதிரி, சோழன் இல்லாத உறையூரின் மன்றத்தைப் பார்த்து நானும் அழுதேன் என்கிறார்.

எத்தனையோ பெரிய உவமைகள் இருந்தும் அவர் எடுத்தது ஒரு வேலைக்காரனை. பாகனுடைய துக்கம் கையில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் கவளம் உருட்ட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். அந்த வேலை எல்லாம் இனி யாருக்கு? பார்க்காத நண்பனை இழந்தால் மனம்தான் வெறுமையாகும். தினமும் பார்த்த நண்பனை இழந்தால் பொழுதே வெறுமையாகிறது. எந்த நேரத்தில் எங்கே போய் உட்கார்வது என்று கூடத் தெரியாது. பிசிராந்தையார் தூரத்திலிருந்து கேள்விப்பட்ட அந்தத் தினசரிச் சிரிப்புக்கும் பொத்தியார் வந்து பார்த்த இந்தக் காலி மன்றத்துக்கும் நடுவில் 8 பாட்டுதான் இடைவெளி. ஊர் அப்படியேதான் இருந்திருக்கும். ராஜ்யம் மகன்கள் கைக்குப் போயிருக்கும். அந்த மகன்களைப் பற்றி இந்தப் பாட்டில் பொத்தியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மற்ற நண்பர்கள் என்ன ஆனார்கள்? கண்ணகனார் (218) சொன்னதுதான் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. பொன் ஓரிடத்தில் கிடைக்கிறது, பவளம் ஓரிடத்தில், முத்து ஓரிடத்தில், மணி ஓரிடத்தில். ஆனாலும் ஒரு நல்ல நகை செய்யும்போது எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. சான்றோரும் அப்படித்தான் சான்றோர் பக்கம் சேர்வார்கள் என்கிறார். அழகான உவமை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நகையில் முத்துக்கும் பவளத்துக்கும் நேரடியாக என்ன சம்பந்தம்? இரண்டையும் ஒரே சரடு கோத்திருக்கிறது, அவ்வளவுதான். சரடு அறுந்த பிறகு நடப்பதைக் கண்ணகனார் பாடவில்லை. அதைப் பாடியவர் பூதநாதனார்.

கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார் தாமதமாக வந்தவர். முன்னாடியே பலர் வந்து சோழனோடு உட்கார்ந்துவிட்டார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, என் மேல் கோபமா என்று சோழனிடம் கேட்கிறார் (219). இவ்வளவு பேர் உன்னோடு இருக்கிறார்களே, நான் மட்டும் வராமல் போனதால் என்னை வெறுத்துவிட்டாயா? 

சாவு வீட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். யார் முதலில் வந்தார்கள், யாருக்கு முதலில் சொன்னார்கள், யாருக்குச் சொல்லாமல் விட்டார்கள்... துக்கத்தோடு துக்கமாக இந்தக் கணக்கும் ஓடும். ஒரே ஆளை நேசித்த பத்துப் பேர் அவன் போன பிறகு ஒன்றாக நிற்கும்போது, ஒருவரை ஒருவர் தேற்றுவதற்கு முன்னால் தன் இடம் எது என்றுதான் பார்க்கிறார்கள். இருந்தவன் இருந்தால் அவனே ஒரு வார்த்தையில் சமாதானம் செய்திருப்பான். இப்போது யாரைக் கேட்பது?

பொத்தியார் ஒரே ஒரு தடவை மற்றவர்களைக் கூப்பிடுகிறார். அது 221. சோழன் இறந்து நடுகல் ஆகிவிட்டான். இறந்தவரின் நினைவாகக் கல் நட்டு வணங்குவது அந்தக் காலத்து வழக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்தே இருந்தது, அவ்வளவு பழைய வழக்கம். அந்தக் கல்லின் முன்னால் நின்றுகொண்டு பொத்தியார் சோழனின் குணங்களைச் சொல்கிறார். பாடியவர்களுக்குக் கொடுத்தவன், நீதி தவறாதவன், பெண்களிடம் மென்மையானவன். இப்படிப்பட்டவன் என்று பாராமல் எமன் கொண்டுபோய்விட்டான், வாருங்கள் புலவர்களே, சுற்றத்தையும் சேர்த்துக்கொண்டு எல்லோருமாக எமனைத் திட்டுவோம் என்கிறார். மிஞ்சியவர்கள் ஒன்றாகச் செய்வதற்கு அவருக்குத் தோன்றிய ஒரே காரியம் அதுதான். யாராவது வந்து கூடச் சேர்ந்து திட்டினார்களா? அந்த 12 பாட்டில் அப்படி ஒரு பாட்டு இல்லை.

இதே மாதிரி திருப்பி அனுப்பப்பட்ட இன்னொருவர் கபிலர். பறம்புமலைப் பாரியின் நண்பர். மூவேந்தர்களும் சூழ்ந்து பாரி இறந்த பிறகு, அவனுடைய பெண்கள் கபிலரிடம் மிஞ்சினார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடம் போனார் (200), இருங்கோவேளிடம் போனார் (201, 202). இவர்கள் பாரியின் பெண்கள், நான் இவர்கள் அப்பாவின் நண்பன், ஆகவே என் பெண்கள் என்று சொல்லி மணந்துகொள்ளும்படி கேட்டார். நடக்கவில்லை. பாரி இருந்த காலத்தில் எந்தச் சபையிலும் கபிலருக்குக் கதவு திறந்திருக்கும். பாரி இல்லாத கபிலர், இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் ஒரு கிழவர். கடைசியில் பெண்களைப் பார்ப்பார் வசம் ஒப்படைத்துவிட்டுத் தானும் வடக்கிருந்தார். அப்போது பாடிய 236ஆவது பாட்டிலும் நண்பன் மேல் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. கூட வருகிறேன் என்றவனை இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது நம் நட்புக்குத் தகுமா என்கிற மனத்தாங்கல். பொத்தியாரின் குறையும் அதேதான்.

பிற்காலத்தில் ஊர்மக்களுக்குக் கபிலர் கதையின் இந்த முடிவு பிடிக்கவில்லை போலிருக்கிறது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாரியின் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கபிலர் தீப்புகுந்தார் என்று சொல்கிறது. பாட்டுக்கும் கல்வெட்டுக்கும் நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள். அதற்குள் அந்தப் பெண்களுக்கு யாரோ கல்யாணத்தை முடித்து வைத்துவிட்டார்கள்! கபிலர் பாறை என்று அந்த ஊர் ஆற்றில் ஒரு பாறையைக் கூட இன்றும் காட்டுகிறார்கள்.

பொத்தியாருக்கு அப்படி யாரும் முடிவை மாற்றி எழுதவில்லை. அவருக்குப் பிள்ளை பிறந்தது. சோழன் சொன்ன கெடு முடிந்தது. நடுகல் இருந்த இடத்துக்கு மறுபடியும் வந்தார். இந்தத் தடவை எமனைத் திட்டவில்லை, புலவர்களைக் கூப்பிடவில்லை. கல்லோடு நேராகப் பேசுகிறார் (222). என் மனைவி பிள்ளை பெற்ற பிறகு வா என்று சொல்லி என்னை இங்கிருந்து விரட்டினாயே, அன்பில்லாதவனே, சொன்னதை மறந்திருக்க மாட்டாய், என் இடம் எது?

அன்பில்லாதவன் என்று அவர் சொல்வதைக் கவனிக்க வேண்டும். 12 பாட்டில் சோழனை இப்படிச் சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்திருக்கிறது. பார்க்காத நண்பர் திட்ட மாட்டார். தாமதமாக வந்தவர் பயந்து பயந்து கேட்பார். தினமும் கூட உட்கார்ந்து சிரித்தவர்தான் செத்துப்போன பிறகும் உரிமையோடு சண்டை போடுவார். மாதக்கணக்கில் உறையூரில் மனைவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பிறக்கப்போகும் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு, மனதுக்குள் இந்தச் சண்டையைத்தான் அவர் போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

கடைசிப் பாட்டு 223. கல்லான பிறகும் சோழன் தன் நண்பனுக்கு இடம் கொடுத்தான் என்று குறிப்பு சொல்கிறது. எப்படிக் கொடுத்தான், கல் நகர்ந்ததா, பக்கத்தில் காலி இடம் இருந்ததா என்றெல்லாம் விளக்கம் இல்லை. பொத்தியார் அங்கே உட்கார்ந்திருக்கிறார். கோபம் போய்விட்டது. உடம்பும் உயிரும் போலப் பழகிய நட்புக்காரர்கள் வந்தால் இவன் கல்லாகியும் இடம் தருவான் என்கிற மாதிரி பேசுகிறார். பிசிராந்தையாரும் பக்கத்தில்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். அவரைப் பற்றி இந்தப் பாட்டில் பேச்சு இல்லை.

உறையூரில் ஒரு வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது. பிசிரில் நரைக்காத ஒருவருக்காகக் காத்துக்கொண்டு ஒரு குடும்பம் இருந்தது. பொத்தியாரின் மனைவியும் பிசிராந்தையாரின் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வழியே இல்லை. அந்தப் பிள்ளையின் பெயரோ, அவனை வளர்த்தவள் பெயரோ புறநானூற்றில் இல்லை.